இருபத்தேழாம் வட்டத்தில் யார்?

அத்தியாயம் 6

"செத்தவங்க எடம் மாறிப் படுத்துக்கிறாங்க மேடம்," என்றான் யோகேந்திரன்.

முப்பத்து மூன்று வயது, கம்ப்யூட்டரில் பட்டம், இந்த இடுகாட்டை இடம் மாற்றும் வேலைக்குக் கணக்குப் பார்க்கிறவன், கையில் ஒரு டேப்லட். அப்படிப்பட்டவன் பட்டப்பகல் பதினோரு மணிக்கு இப்படிச் சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வர வேண்டும். பிரிஜெட்டுக்கு வரவில்லை. அந்த இடம் வரவிடவில்லை.

சுங்கை லாலாங்கிலிருந்து உள்ளே போனால் மூணாங்கட்டைத் தோட்டம். தோட்டம் என்பதெல்லாம் பழைய பேச்சு. கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, கோயிலை ரோட்டோரம் நகர்த்தி, வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. மிச்சம் இந்த இடுகாடு ஒன்றுதான். புதரை வழித்தெடுத்த செம்மண் மேட்டில் நாற்பத்தெட்டு இரும்புக் கம்பிகள் நட்டிருந்தன. நிரைக்கு எட்டாக ஆறு நிரை. ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழே யாரோ பயந்துபோய்ச் சொருகிவிட்டுப் போன அரை எலுமிச்சம்பழம். இலை அசையவில்லை. ஆனால் எங்கிருந்தோ கற்பூர வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. குழி வெட்ட வந்த நான்கு பேரும் மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்று கூடாரத்துக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எடம் மாறுறாங்கன்னா வாடகை கட்டுப்படியாகலன்னு அர்த்தம் தம்பி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அது சுகுமாரன். பிரிஜெட் இருபத்திரண்டு வருஷம் போலீஸில் சார்ஜெண்டாக இருந்துவிட்டு, இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். சுகுமாரன் அவளுக்கு டிரைவர், உதவியாள், கூடவே ஓயாத ஒரு வாய். அந்த வாயை மூடச் சொல்லலாமென்று அவள் திரும்பியபோதுதான், வேறொரு பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"பாப்பம்மா. வட்டம் இருபத்தேழு."

நிதானமான, உணர்ச்சியில்லாத குரல். அங்கே அப்படிப் பேசக்கூடிய பெண் யாரும் இல்லை. பிரிஜெட்டின் கை தானாகக் கழுத்துச் சிலுவைக்குப் போனது. கூடாரத்தில் ஒருவர் எழுந்து லோரியை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்.

"பயப்படாதீங்க மேடம், இதுதான்," என்று டேப்லட்டைச் சட்டைக்குள் இழுத்து மூடினான் யோகேந்திரன். "படிக்கத் தெரியாதவங்க வருவாங்களேன்னு பேரை வாசிக்கிற மாதிரி வெச்சேன். மழைத் தூத்தல் ஸ்கிரீன்ல விழுந்தா விரல்னு நெனச்சுக்குது. நேத்து ஒரே நிமிசத்துல பதினோரு பேரைக் கூப்பிட்டுச்சு. அதுலதான் அந்த ஆளுங்க வேலைய விட்டுட்டாங்க."

"விடிகாலையில தோட்டத்துல பேர் கூப்பிடுற மாதிரி பெரட்டு எடுத்திருக்கு," என்றான் சுகுமாரன். "நல்ல வேளை, யாரும் வந்து வரிசையில நிக்கல."

அந்தப் பெயருக்காக அசைந்தவள் ஒருத்திதான். குடைக்குக் கீழே நின்றிருந்த லோகேஸ்வரி. ஐம்பத்திரண்டு வயது, கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மஞ்சள் துணி சுற்றிய மண்பானை ஒன்றை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தப் பானைக்குள் அவள் அம்மா பாப்பம்மாவின் எலும்பு போக வேண்டும். செமிலிங் பக்கத்தில் புது இடுகாடு தயார். இன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் யார் யாரை எடுக்கிறார்களோ அவர்களுக்குத் தனி இடம், பெயர் பொறித்த கல். மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குழிக்குள். திங்கட்கிழமை மண்தள்ளும் இயந்திரம் வருகிறது.

நேற்று அவள் கண்முன்னால் இருபத்தேழாம் கம்பியின் கீழே தோண்டினார்கள். எலும்புகள் இருந்தன. கூடவே ஒரு பித்தளை பெல்ட் பக்கிளும் இருந்தது.

"எங்கம்மா பெல்ட்டு கட்டி நான் பார்த்ததில்ல மேடம்," என்று நேற்று ஆபீஸுக்கு வந்து சொன்னாள் லோகேஸ்வரி. சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதல்ல. சொல்லி முடித்ததும் அழுதாள். "எங்கம்மா எங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

பிரிஜெட் அவளருகே போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கற்பூரப் பொட்டலம், ஓரம் கிழிந்து. பேய் வாசனை ஒன்று தீர்ந்தது. மற்றவை இருக்கின்றன.

"தம்பி, அந்தப் படத்தைக் காட்டுங்க."

யோகேந்திரன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தான். பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட நாற்பத்தெட்டு வட்டங்கள். எண் கிடையாது, பெயர் கிடையாது. இடது மூலையில் முதல் வட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி. கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு, அதில் ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை பெயரும் இறந்த தேதியும். பெயர் எழுதி நட்டிருந்த மரப்பலகைகள் மக்கிப் போய் முப்பது வருஷமாகிறது. இந்தத் தாளும் நோட்டும்தான் மிச்சம். எழுதியவர் லோகேஸ்வரியின் அப்பா அய்யாவு. போன தீபாவளிக்கு முன்னால் காலமானார். அப்பாவின் இரும்புப் பெட்டியில் இதைப் பார்த்ததும், ஊருக்கே உதவுமென்று பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"கம்ப்யூட்டருக்குப் படம் புரியாது மேடம்," என்றான் யோகேந்திரன். "அதுக்குத் தெரியறது கோடும் புள்ளியும்தான். அதனால ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு கட்டமா மாத்துனேன். எண்ணு, எந்த நெரை, நெரையில எத்தனாவது, பேரு, தேதி, மதம். நாப்பத்தெட்டு வட்டம், நாப்பத்தெட்டு வரி. அந்தப் பட்டியல வெச்சுத்தான் கம்பி நட்டோம்."

"மதம் எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டு வட்டத்துக்குள்ள சிலுவை போட்டிருக்காரு பாருங்க. அஞ்சாவதுலயும் முப்பதாவதுலயும். அது கிறிஸ்டியன். மத்ததெல்லாம் இந்து."

பிரிஜெட் குனிந்து பார்த்தாள். இரண்டு கோடுகள், கொஞ்சம் சாய்ந்தாற்போல.

"குடிச்சிட்டுப் போட்ட சிலுவை மாதிரி இருக்கு," என்றான் சுகுமாரன்.

"மரியாதையா பேசு சுகு." அவளுக்கும் அது சிலுவையாகவே பட்டது. கழுத்தில் ஒன்று தொங்கும்போது வேறென்னவாகப் படும்? "இதுவரைக்கும் எதெது தோண்டுனீங்க?"

ஒன்பது குழி தோண்டியிருந்தார்கள். இரண்டு, ஏழு, பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்துநாலு ஆகிய ஐந்தும் சரி. உறவுக்காரர்கள் கொலுசையும் பல்லையும் பார்த்து ஒத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். ஐந்தாம் குழியில் யாருமே இல்லை, நாலு சட்டைப் பொத்தான்கள் மட்டும். பத்தில் ஒரு சின்னப் பிள்ளை இருக்க வேண்டும். பெரிய ஆள் இருந்தார். பதினைந்தில் பெரிய ஆள் இருக்க வேண்டும். கைக்குழந்தை போடுகிற கண்ணாடி வளையல்கள் கிடந்தன. பிறகு இந்த இருபத்தேழு.

"பத்தும் பதினஞ்சும் எடம் மாறியிருக்காங்க. அங்க இருந்தவரு இங்க, இங்க இருந்தவரு அங்கன்னு நேருக்கு நேர் மாறியிருக்காங்க மேடம்," யோகேந்திரன் குரல் இறங்கியது. "என் பட்டியல நாலு தடவ செக் பண்ணிட்டேன். தப்பே இல்ல. வேற என்னா சொல்றது?"

பிரிஜெட் தன் சின்ன நோட்டில் ஆறு கோடு கிழித்து, தோண்டிய எண்களை நிரை நிரையாக எழுதினாள். 

"ஒழுங்கான பேய்ங்க தம்பி. காலியா இருந்த அஞ்சை விட்டுட்டா, முதல் நெரையிலயும் மூணாவது நெரையிலயும் ஒருத்தர்கூட நகரல. ரெண்டாவதுலயும் நாலாவதுலயும்தான் நடமாட்டம்."

"ரெட்டைப்படை நெரைக்காரங்களுக்குத் தூக்கம் வரல போல," என்றான் சுகுமாரன்.

"சுகு, நீ ஒரு காரியம் பண்ணு. ஒன்னாம் நம்பர்லருந்து வரிசையா ஒவ்வொரு கம்பியையும் தொட்டுக்கிட்டே போ. எண்ணைப் பார்க்காத. உன் கால் போற மாதிரி போ."

சுகுமாரன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஒன்று, இரண்டு, மூன்று என்று முதல் நிரையின் கடைசிக் கம்பி வரை தொட்டான். எட்டைத் தொட்டதும் அப்படியே திரும்பி, பக்கத்திலிருந்த இரண்டாம் நிரைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு இந்தப் பக்கமாக வந்தான்.

"அண்ணே, அது பதினாறு," என்றான் யோகேந்திரன். "ஒன்பது இந்தக் கோடியில இருக்கு."

"எட்டு வரைக்கும் அங்க போனவன், ஒன்பதுக்காக மறுபடி வெறும் வாளியோட இந்தக் கோடிக்கு நடந்து வரணுமா? மரம் மரமா பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டுறவன் எவன் தம்பி அப்படி நடப்பான்? ஒரு நெரை ஏறிப் போனா அடுத்த நெரையில எறங்கி வரணும். எங்கப்பா பக்கத்துல நீ அப்படி நடந்திருந்தா, வாளி தூக்குற காண்டாக் கம்பாலயே போட்டிருப்பாரு."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கம்பியைத் தொட்டான். அப்புறம்தான் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது.

"லோகேஸ்வரி, உங்கப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் பிரிஜெட்.

"பால் மரம் வெட்டுறதுதான் மேடம். நாப்பது வருசம். தோட்டத்துல சாவு விழுந்தா குழி வெட்டுறதும் அவருதான்."

யோகேந்திரன் காலண்டர் தாளைப் பார்த்தான், கம்பிகளைப் பார்த்தான். "நான் புத்தகம் படிக்கிற மாதிரி எண்ணிட்டேன். எல்லா நெரையும் இடமிருந்து வலம்."

"அவரு நடக்கிற மாதிரி எண்ணியிருக்காரு," என்றாள் பிரிஜெட். "ஒன்னு விட்டு ஒரு நெரை தலைகீழ். பத்துல பதினஞ்சு, பதினஞ்சுல பத்து. செத்தவங்க எங்கயும் போகல தம்பி. நீங்கதான் அவங்கள மாத்திப் படுக்க வெச்சிருக்கீங்க."

அவன் மடக்கென்று செம்மண்ணிலேயே உட்கார்ந்து டேப்லட்டைத் தட்டத் தொடங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டது மழைக்கா வேறெதற்கா என்று பிரிஜெட் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் நிமிர்ந்தான். "உங்க இருபத்தேழாம் கம்பியில இருக்கிறது நோட்டுல முப்பதாவது ஆளு. சுப்பையா கங்காணி."

"அதான் பெல்ட்டு," என்றான் சுகுமாரன். "நிம்மதியாப் போச்சு. பட்டியல்ல கிறிஸ்டியன்னு போட்டிருந்த அந்த ஆளு எப்ப ஞானஸ்நானம் வாங்குனாருன்னு காலையிலருந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப எங்கம்மா?" லோகேஸ்வரி குடையைக் கீழே போட்டுவிட்டிருந்தாள்.

"முப்பதாம் கம்பி, அக்கா," என்றான் யோகேந்திரன். சொன்ன பிறகுதான் அது என்ன வட்டமென்று அவனுக்கு ஞாபகம் வந்தது. சிலுவை போட்ட வட்டம்.

லோகேஸ்வரி பிரிஜெட்டைப் பார்த்தாள். "எங்கம்மா வேதத்துல சேர்ந்திருந்தாங்களா மேடம்? எங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலயே. நான் ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை படையல் போட்டுக்கிட்டிருக்கேன்."

பிரிஜெட்டுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒளித்து விசுவாசித்து, ஒளித்துப் புதைக்கப்பட்ட ஒரு பெண். அவள் முப்பதாம் கம்பிக்கு முன்னால் முட்டி போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து, நித்திய இளைப்பாற்றிக்கான ஜெபத்தைச் சொன்னாள். முட்டியெல்லாம் செம்மண். பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கப்போகிறது.

குழி வெட்டுகிறவர்களைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவர அரை மணி நேரம் பிடித்தது. பேய் நடமாட்டத்துக்குக் காரணம் கணக்கில் வந்த தலைகீழ்தான் என்று சுகுமாரன் நடந்து காட்டியதும் ஒருவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சரசரவென்று இறங்கினார்கள். ஒரு முழம் போனதும் கடங்கென்று ஒரு சத்தம்.

லோகேஸ்வரி பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு மங்கு. பால் மரத்தில் கட்டி வைக்கிற பீங்கான் கிண்ணம், கவிழ்ந்த நிலையில். அதைத் தூக்கினால் உள்ளே மண்கூட ஏறவில்லை, வெறும் ஈரம்தான். மங்குக்குக் கீழே மண்வெட்டி எகிறியது. பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "இதுக்குக் கீழ யாரும் வெட்டுனதே இல்லம்மா. இது தாய்மண்ணு," என்றார்.

மழை கொஞ்சம் கனத்தது. பிரிஜெட் தன் உதவியாளைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் சுகுமாரன் வாய் மூடி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. கற்பூரமும் டேப்லட்டும் செய்யாததை அந்த மௌனம் செய்தது. அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"சொல்லு சுகு."

"அக்கா, அது சிலுவை இல்ல."

"பின்ன?"

"பட்டை காஞ்சு போன மரம் இருக்குல்ல, பால் வராத மரம். அதுல வெள்ளைச் சுண்ணாம்புல ரெண்டு கோடு போட்டு வெப்பாங்க. மங்குக் கிண்ணத்தைக் கவுத்து வெச்சிருவாங்க. நெரையில வர்ற எல்லாருக்கும் தெரியும். இங்க நிக்காத, அடுத்த மரத்துக்குப் போன்னு அர்த்தம். இங்க ஒன்னுமில்லன்னு அர்த்தம்."

"அஞ்சாவதுலயும் கோடு இருக்கு," என்றான் யோகேந்திரன் மெதுவாக. "அங்கயும் யாரும் இல்ல."

"அஞ்சாவது யாரு?"

"விக்னேஸ்வரன்னு இருக்கு."

"அவரு ஆத்துல போனவரு," என்றாள் லோகேஸ்வரி. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஆளே கிடைக்கல. சட்டையத்தான் பொதைச்சாங்கன்னு சொல்வாங்க."

பிரிஜெட் அவள் கையைப் பிடித்தாள். "உங்கம்மா எறந்தப்ப நீங்க பார்த்தீங்களா?"

"எனக்கு ஒன்பது வயசு. ஸ்கூல் லீவுக்கு அத்தை வீட்டுல இருந்தேன். வந்து பார்த்தா அப்பா மொட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஆஸ்பத்திரியில போயிட்டாங்க, பொட்டியில மூடிக் குடுத்தாங்க, நானே பொதைச்சுட்டேன்னு சொன்னாரு. எங்கன்னு காட்டுங்கன்னேன். பொம்பளைங்க இடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல."

"தம்பி, உங்க பட்டியல்ல பாப்பம்மாவுக்கு என்ன தேதி?"

யோகேந்திரன் தேடினான். "காலியா இருக்கு மேடம். இல்ல, இருங்க. நோட்டை ஏத்தும்போது ஒரே ஒரு எர்ரர் வந்துச்சு. தேதி இருக்க வேண்டிய எடத்துல தேதி இல்லன்னா புரோகிராம் அதைத் தூக்கிட்டு வெறும் கட்டத்தை விட்டுரும். நாப்பத்தெட்டுல ஒன்னுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

"நோட்டைக் குடுங்க."

பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பக்கத்தைப் புரட்டினாள். அய்யாவுவின் எழுத்து பெரிது பெரிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதியது. இருபத்தாறாவது வரியில் ஒரு பெயர், ஒரு தேதி. இருபத்தெட்டாவது வரியில் ஒரு பெயர், ஒரு தேதி. நடுவில் இருபத்தேழு. பாப்பம்மா. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வார்த்தை, ஓர் ஊரின் பெயர்.

பாலிங்.

பிரிஜெட் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. நோட்டை லோகேஸ்வரியிடம் நீட்டினாள். லோகேஸ்வரி படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு பானையைக் கீழே வைத்துவிட்டு, குழியின் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடிப்போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. அவரு வெரட்டுனாரா, அவங்களா போனாங்களான்னும் தெரியாது. இப்ப உயிரோட இருக்காங்கன்னு நான் சொல்லல. இங்க இல்லன்னு மட்டும்தான் சொல்றேன்."

"நாப்பத்து மூணு வருசம் எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரு."

"உங்ககிட்ட சொன்னாரு," என்றாள் பிரிஜெட். "படம் போடும்போது பொய் சொல்ல முடியல. காஞ்ச மரத்தைக் காஞ்ச மரம்னுதான் அவருக்குப் போட வந்திருக்கு."

"பாவி மனுசன்." லோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை; கோபம் வந்தது. "திதி குடுத்திருக்கேன் மேடம். எங்கயோ சோறு தின்னுக்கிட்டு இருந்தவளுக்கு நான் வருசா வருசம் காக்காய்க்குச் சோறு வெச்சிருக்கேன். அவளும் வரலயே. ஒரு தடவ வந்து பார்க்கலயே."

பெரியவர் மங்குக் கிண்ணத்தை எடுத்து, மழைநீரில் கழுவி, அவள் பக்கத்தில் வைத்தார். யோகேந்திரன் டேப்லட்டை நோட்டின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடத் தொடங்கியிருந்தான். மணி ஒன்றரை. ஐந்து மணிக்குள் முப்பத்து சொச்சம் பேரை அவர்களுடைய பெயரோடு எடுக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து லோகேஸ்வரி தலை நிமிர்ந்தாள்.

"சுகு தம்பி, இங்கருந்து பாலிங் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம், அக்கா. மழைன்னா ஒன்னே கால்."

"ஒரு மணி நேரம்," என்றாள் அவள். "அவ்வளவுதானா?"

எழுந்து, பானையிலிருந்து கற்பூரத்தை எடுத்து விக்னேஸ்வரனின் ஐந்தாம் கம்பிக்கு முன்னால் வைத்தாள். பானையைப் பெரியவரிடம் கொடுத்தாள். கேட்க ஆளில்லாத யாருக்காவது ஆகட்டும் என்றாள். பிரிஜெட் குடையை விரித்து அவளை ரோட்டோரம் நிறுத்தியிருந்த காடிக்கு அழைத்துப் போனாள். சுகுமாரன் முன்னால் ஓடி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

பின்னால், பாப்பம்மாவின் வரி திறந்தபடியே இருந்த டேப்லட்டில் மழைத்துளிகள் விழுந்தன.

"பாப்பம்மா," என்றது அந்தக் குரல். "பாப்பம்மா. பாப்பம்மா."

யோகேந்திரன் கம்பியைப் போட்டுவிட்டு அதை அணைக்க ஓடினான்.

"விடுங்க தம்பி," என்றாள் லோகேஸ்வரி, திரும்பிப் பார்க்காமல். "கூப்பிடட்டும்."